முகம் கருகிய ஹால் டிக்கெட்

முருகன் மேல் பழி போட முடியாது. நனைந்தது அவன் சன்னிதியில் என்றே வைத்துக்கொண்டாலும், கருக்கியது நான்தான்.

விடியற்காலையில் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போய், என் அக்கா மகள் ரோகிணியின் என்ட்ரன்ஸ் ஹால் டிக்கெட்டையும் இரண்டு பென்சிலையும் சாமி காலடியில் வைத்து வாங்கினேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அர்ச்சனைத் தட்டில் இருந்த தேங்காய் மூடி, வாழைப்பழம், விபூதி, பூ எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கொட்டினேன். கூடவே ஹால் டிக்கெட்டையும் போட்டேன். ஒரு பெண்ணின் எதிர்காலத்தையும் தேங்காய் மூடியையும் ஒரே பையில் போடலாமா என்று யோசிக்கிற புத்தி இருந்திருந்தால், நான் பத்தாம் வகுப்பை முதல் தடவையிலேயே தாண்டியிருப்பேன்.

செங்கல்பட்டு ரோட்டில் பாதி வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பைக்குள் கையை விட்டால், ஹால் டிக்கெட் ஈர அப்பளம் மாதிரி வந்தது. தேங்காய்த் தண்ணீரில் ஊறி, மேலே விபூதி அப்பி, ஓரத்தில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டு.

வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் பைக் என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. அதன்மேல் பதமாக விரித்து வைத்தேன். ஒரு வாய் டீ. இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் டீ மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா அண்ணாத்த, எதுனா கருகற வாசன வருது?"

"என் மானம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பெயர் தப்பியது. நம்பர் தப்பியது. கையெழுத்துகூடத் தப்பியது. போட்டோ இருந்த இடத்தில் மட்டும் எட்டணா அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றிக் கருகிய வளையம், ஓரத்தில் ஒரு காது, ஒரு ஜடை. எங்கள் ரோகிணியின் முகம் பறந்துபோய்விட்டது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சம்பத். திருப்போரூரில் மனை விற்கிறேன். 'கடலோரம்' என்று நோட்டீஸ் அடித்து நான் விற்ற மனையிலிருந்து மாமல்லபுரம் கடலைப் பார்க்க வேண்டுமானால், முதலில் தண்ணீர்த் தொட்டி கட்டி, அதன்மேல் ஏணி போட வேண்டும். இப்படிப்பட்ட ஆளிடம் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காவின் கணவர் கேட்டார். அக்காதான் கேட்கவில்லை.

அக்கா பெயர் வேண்டா. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று சாமிக்குத் தகவல் கொடுக்க எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர். தகவல் போய்ச் சேர்ந்து நான் பிறந்தேன். சாமி இன்னும் அதை நினைத்து வருத்தப்படுவதாகக் கேள்வி. அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போய், எட்டாவதோடு நிறுத்தப்பட்டு, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து, அதன் டவுன்ஷிப்பில் குடியிருக்கும் அருணகிரிக்கு வாழ்க்கைப்பட்டவள். தனக்குப் பெண் பிறந்த அன்றே, "எம் பொண்ணு டாக்டரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னாளாம். ரோகிணி அப்போது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

போன வருடம் ரோகிணிக்கு மெடிக்கல் சீட் முக்கால் மார்க்கில் போயிற்று. முந்நூறுக்கு முக்கால். பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மார்க்கை ஏற்றும் 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக ஒரு வருடமாக வீட்டிலேயே இருக்கிறாள். கேபிள் கனெக்ஷன் போயிற்று. தோழிகள் போன் போயிற்று. அலைச் சத்தம் கவனத்தைக் கலைக்கிறது என்று மச்சான் அவள் அறையின் ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்தார். கடல் கூப்பிடும் தூரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு வருடமாகக் கடலைப் பார்க்காத பெண் தமிழ்நாட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டவுன்ஷிப்பைக் குறை சொல்லக் கூடாது. அங்கே ரிசல்ட் வந்தால் வீட்டுக்கு வீடு கேசரி வரும். கேசரியில் எத்தனை முந்திரி என்று பார்த்தே பிள்ளையின் கட்-ஆஃப் சொல்லிவிடுவார்கள். போன வருடம் மேல் வீட்டு சுப்புராமன் சாரின் மகன் நிதினுக்கு மெடிக்கல் கிடைத்தபோது வந்த கேசரியில், ரவையைத் தேட வேண்டியிருந்ததாம். அக்கா அதை வாங்கி, சிரித்து, கதவைச் சாத்தி, அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டினாள்.

இதெல்லாம் தெரிந்த நான்தான், முகமில்லாத ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குள் நுழைந்தேன்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பேர் வந்திருந்தார்கள். ஓர் அம்மா மகனுக்கு இட்லியை ஊட்டிக்கொண்டே தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயில் இட்லியோடு மூன்று விரலைக் காட்டினான்.

அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "குட்றா. சாமி நல்லா பாத்துச்சா?"

"சாமி பாத்துச்சு. நான்தான் சரியா பாக்கல."

எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஓட்டைதான். அடுத்த நொடி என் தோளில் விழுந்த அடியில், கையில் இருந்த பென்சில் ஒன்று பறந்தது.

"பாவி! பாவி! ஒரு வேல... ஒரே ஒரு வேல குட்தேனேடா உனக்கு!" கத்த ஆரம்பித்தவள் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டை அவசரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சான் பிளான்ட்டில் மீட்டர் முள்ளைப் பார்க்கிற மாதிரி அந்த ஓட்டையையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ரோகிணி கையை நீட்டி அதை வாங்கினாள். கண்ணுக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். அவள் உதடு லேசாக விரிந்தது. எவ்வளவோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

"அப்போ உள்ள விட மாட்டாங்களா மாமா?"

"விடாம? உன் மாமன் எதுக்கு உசுரோட கீறான்? நீ கவலப்படாத பாப்பா!"

சிரிப்பு போய்விட்டது. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக ஓடினேன்.

சென்டரின் பொறுப்பாளர் ஒல்லியான, வெள்ளைச் சட்டை வாத்தியார். ஹால் டிக்கெட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். என்னை அதைவிட நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, எலி கடிச்சுதா?"

"என்ஜின் கடிச்சுது சார்."

"நம்பரும் பேரும் கீறதால சொல்றேன். வேற போட்டோ ஒட்டி, கெஜட்டட் ஆபீசர் ஒருத்தராண்ட கையெழுத்து, சீல் வாங்கினு வாங்க. பெல் அடிச்சு அரை மணி வரைக்கும் கேட்டைத் தொறப்பேன். அப்பால என்னாலயும் ஆகாது."

போட்டோ யாரிடம் இருக்கிறது? அக்கா பையைக் கவிழ்த்தாள். தயிர்சாதம், தண்ணீர், விபூதிப் பொட்டலம், ஒரு துண்டு. போட்டோ இல்லை. ஸ்டுடியோ திறக்கிற நேரமும் இல்லை.

அப்போது மச்சான் தன் பர்ஸை எடுத்தார். அடையாள அட்டைக்குப் பின்னால், பஸ் பாஸுக்கும் பின்னால் விரலை விட்டு, ஒரு பாஸ்போர்ட் போட்டோவை உருவினார். ரோகிணி. பிளஸ் ஒன் சேர்ந்தபோது எடுத்தது. கன்னம் இன்னும் உப்பலாக இருந்த ரோகிணி. அதன் ஓரம் தேய்ந்திருந்தது; அடிக்கடி வெளியே எடுத்துப் பார்க்கிற போட்டோவின் தேய்மானம். மகளோடு மார்க் தவிர வேறெதையும் பேசாத மனிதர்.

"ஜாக்கிரத. மடிச்சிராத" என்றார். அவ்வளவுதான்.

ரோகிணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன். விடுமுறை நாள். கலெக்டர் ஆபீஸ் பூட்டு. தாலுகா ஆபீசில் ஒரு நாய். செங்கல்பட்டில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரே அரசாங்கம் ஆஸ்பத்திரிதான். அரசாங்க டாக்டரும் கெஜட்டட் ஆபீசர்தானே.

"பட்ச்சதெல்லாம் ஞாபகம் கீதா பாப்பா?"

"ம்."

"பயமா கீதா?"

"ம்ஹூம்."

"மாமன் மேல கோவமா?"

"ம்."

"ம்முனா ஆமாவா இல்லையா?"

"ம்."

ஒரு வருடமாக இந்தப் பெண்ணிடமிருந்து வருவது இந்த ஓரெழுத்துதான். எனக்கு நேரான பதிலை யாரும் சொல்வதில்லை. நானே எதையும் நேராகக் கேட்பதில்லை என்பதால் புகார் செய்யவும் முடியாது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வராந்தாவில், சுவரில் சாய்ந்து நின்றபடியே ஒரு டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். மார்பில் துர்காதேவி என்று பெயர். கண்ணைப் பார்த்தால் தூங்கி ரொம்ப நேரமானவர் என்று தெரிந்தது. கதையைச் சொன்னேன். என்ஜின் வரைக்கும் வந்தபோது டீ அவருக்குப் புரையேறியது.

"எந்த காலேஜுக்கு இந்தப் பரீட்சை?"

"இதே காலேஜுக்குத்தான் மேடம். நாலஞ்சு வருஷத்துல உங்க பக்கத்து நாற்காலி."

அவர் ரோகிணியைப் பார்த்தார். "டாக்டராகணும்னு ஆசையாம்மா?"

"சின்ன வயசிலேர்ந்து மேடம்! பொம்மைக்கெல்லாம் ஊசி போட்டுடும். என் பேரனுக்கும் இதுதான் ஊசி போடப்போவுதுன்னு..." எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது பேச்சு வேகத்தில் மறந்துவிட்டது.

"நான் இவங்களக் கேட்டேன்."

ரோகிணி பெஞ்சில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

டாக்டரின் பேனா போட்டோவுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. "ராத்திரி தூங்கினியா?"

ரோகிணி இன்னும் அந்தக் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிச்சு மேடம், நல்லா தூங்கிச்சு" என்றேன். நான் திருப்போரூரில் தூங்கியவன்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து சீல் வந்தது. காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, உடனே விடாமல் பிடித்துக்கொண்டார். "பரீட்சை முடிஞ்சதும் இவள என்கிட்ட ஒருதரம் கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

"கண்டிப்பா மேடம். ஸ்வீட்டோட வரேன்."

அவர் முகத்தில் ஒரு சலிப்பு ஓடியது. ஸ்வீட் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பெல் அடித்து முடிந்த பிறகுதான் வாசலை அடைந்தோம். ஒல்லி வாத்தியார் சொன்ன சொல் தவறாமல் கேட்டருகே நின்றார். ரோகிணி உள்ளே போனாள். படிக்கட்டில் ஒருமுறை திரும்பினாள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன், தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் எனக்கு ராஜ மரியாதை. தெரியாத ஓர் அப்பா மோர் வாங்கிக் கொடுத்தார். "கடசி நிமிஷத்துல காப்பாத்திட்டீங்க சார்" என்று ஓர் அம்மா சொன்னாள். நெருப்பு வைத்தவனுக்கே தீயணைத்த பரிசு.

அக்கா கண்ணை மூடி உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல வேல செஞ்ச சம்பத்து."

பதினெட்டு இருபது வருட உறவில் அவர் எனக்குக் கொடுத்த முதல் நற்சான்று. சந்தோஷத்தில் தைரியம் வந்துவிட்டது. "மச்சான், ஒருவேள இந்தத் தடவயும் போயிட்சினா?"

"போவாது."

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"அதெல்லாம் உனக்குப் புரியாது சம்பத்து." மரத்திலிருந்து விழுந்த பழத்தைச் செருப்பால் மெல்ல உருட்டினார். "நான் ஐடிஐ முடிச்சு வந்தவன். எங்க செக்ஷன்ல எனக்கு அப்புறம் வந்த பையனுங்களுக்கு நான் எழுந்து நிக்கறேன். அவனுங்க டிகிரி, நான் டிரேடு. வேலைய நான்தான் சொல்லிக் குடுக்கறேன், சார்னு நான்தான் கூப்பிடறேன். ரோகிணிக்கு அது வேணாம். எவனுக்கும் எழுந்து நிக்க வேணாம்."

"அத பாப்பாவாண்ட சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் பெத்த பொண்ணு, அவளுக்குத் தெரியாதா?"

கையிலிருந்த மோர் டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

முதல் பேப்பர் முடிந்த மணி அடித்தது. கேட் திறந்ததும் பிள்ளைகள் கொட்டினார்கள். சிலர் குதித்துக்கொண்டு, சிலர் முகம் செத்து. அப்பாக்கள் கேள்வித்தாளைப் பறித்தார்கள். தவளைப் பையன் இன்னும் மூன்று விரலைக் காட்டிக்கொண்டே வந்தான். அக்கா தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். மத்தியானம் இன்னொரு பேப்பர். அதற்குள் சாப்பிட்டாக வேண்டும்.

கூட்டம் மெலிந்தது. ரோகிணி வரவில்லை.

"பாத்ரூம் போயிருக்கும்" என்றார் மச்சான்.

வாசல் காலியானது. ஒல்லி வாத்தியார் வெளியே வந்து, "எல்லாரும் போயாச்சேம்மா. பின்னாடி கிரவுண்டு கேட்டும் தொறந்துதான் கீது, அப்படிப் போயிருக்கும்" என்றார்.

பின்பக்க கேட்டுக்கு ஓடினோம். வெறும் மைதானம், ஒரு கோல் போஸ்ட், வெயில். அக்கா, "ரோகிணீ!" என்று கத்தினாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மச்சான் கத்தவில்லை. ஒரு பக்கம் பத்தடி நடந்தார், நின்றார், எதிர்ப்பக்கம் நடந்தார். அவருடைய நெற்றியில் வியர்வை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் செல்போன் அடித்தது. மனை விற்பவனுக்குத் தாலிக்கு முன்னால் வருவது செல்போன். எங்கள் குடும்பத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. செங்கல்பட்டு நம்பர்.

"மாமா." காசு போடும் போனின் கரகரப்பு. பின்னால் ரயில் அறிவிப்பு. "நான் ஸ்டேஷன்ல கீறேன். நீ மட்டும் வா. அம்மாவாண்ட சொல்லாத."

"பாப்பா, நீ அங்கயே..."

கட்டாகிவிட்டது.

"யார்ரா?" என்றாள் அக்கா.

"பார்ட்டி. மனை பாக்க வந்து நிக்கறானாம்." வாய் தானாகச் சொல்லிற்று. "நீங்க இந்த ரோட்டப் பாருங்க. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாக்கறேன்."

"டேய், இப்பவும் மனையாடா உனக்கு!" என்ற அக்காவின் குரல் முதுகில் விழுந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் விற்பதற்காக. இதுதான் தொண்டையை அறுத்துக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் மேம்பாலப் படியை இரண்டிரண்டாகத் தாவினேன். ஒரு பிளாட்பாரம், அடுத்த பிளாட்பாரம். கொளவாய் ஏரியை ஒட்டிய கடைசிப் பிளாட்பாரத்தின் கோடியில், கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் ரோகிணி. ஏரித் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கப் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கப்படி வாய் முந்திக்கொண்டது.

"இன்னா பாப்பா, சொல்லாம கொள்ளாம பாண்டிச்சேரி கிளம்பிட்டியா? மாமனுக்கும் ஒரு டிக்கெட் எட்த்திருக்கலாம்ல?"

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஜோக் எங்களுக்கு நடுவில் செத்த பல்லி மாதிரிக் கிடந்தது.

"சாப்டறியா? பொரி வாங்கட்டா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பேப்பர் கஷ்டமா?"

"ஈஸி மாமா."

"அப்புறம் இன்னா? நல்லா எழுதினியா?"

"பேரு ஷேட் பண்ணேன். நம்பர் ஷேட் பண்ணேன்." குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "மொதக் கேள்வி படிச்சேன். தெரியும். ரெண்டாவதும் தெரியும். எல்லாமே தெரியும் மாமா. எந்தப் பக்கத்துல எந்தப் படம், எங்க மடிப்பு, எங்க எண்ணெக் கறைன்னு அந்தப் புக்குல எல்லாம் தெரியும். பென்சில வட்டத்துல வெக்கறேன், கை நகர மாட்டேங்குது. எங் கைய நானே பாத்துகினு உக்காந்திருந்தேன். மேடம் வந்து இன்னாம்மான்னாங்க. யோசிக்கறேன்னு சொன்னேன். பெல்லு அடிக்கற வரிக்கும் யோசிச்சேன்."

"ஒண்ணுகூடவா...?"

"ஒண்ணுகூட."

காலையில் கேட்டருகே அவள் முகத்தில் பார்த்த சிரிப்பு எதற்காக வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானல்லவா பைக்கில் ஏற்றி, ஊரெல்லாம் சுற்றி, சீல் குத்தி உள்ளே தள்ளினேன். அதற்கு மோர் வேறு வாங்கிக் குடித்தேன்.

அறிவிப்பு கேட்டது. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ். பிளாட்பார ஓரத்தில் நிற்காதீர்கள். தூரத்தில் ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. ரோகிணி அதைப் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். ரத்தம் வற்றி வெளுத்திருந்தன. விழாமல் இருக்கக் கிளையைப் பிடித்திருப்பவளின் விரல்கள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, அவள் முழங்காலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனை காட்டப் போட்டுக்கொள்ளும் வெள்ளைப் பேன்ட்டோடு. அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், தரையில இன்னாய்யா உக்காந்துகினு கீற? வண்டி வருது, தள்ளுய்யா!" என்று டீ விற்கிறவன் கத்தினான்.

வண்டி வந்தது. பிளாட்பாரம் அதிர்ந்தது. முதுகில் அனல் காற்று. பெட்டி பெட்டியாகச் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. அது முடிகிற வரைக்கும் நான் பிடியை விடவில்லை. அவள் நாடி என் கட்டைவிரலுக்குள் ஓடுவது தெரிந்தது.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. செங்கல்பட்டு நம்பர். மச்சான் ஏதோ ஒரு பூத்திலிருந்து. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்க ஒரு கை வேண்டும். என்னிடம் உபரியாகக் கை இல்லை.

வண்டிச் சத்தம் அடங்கியது. ஏரியில் ஒரு கொக்கு எழும்பி வேறு இடத்தில் உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த ஜோக்குகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

"பாப்பா. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. நீ இன்னா சொன்னாலும் உன்னத் திட்ட மாட்டேன், அழ மாட்டேன், உன் கையயும் வுட மாட்டேன். நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. இங்க எதுக்கு வந்த?"

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துப்போலாம்னுதான் வந்தேன் மாமா. வந்தப்புறம் பயமாயிடுச்சு, உனக்குப் போன் போட்டேன். எனக்குச் சாவ இஷ்டமில்ல. ஆனா மத்தியானம் அந்த ஹாலுக்குத் திரும்பிப் போவ என்னால முடியாது. இன்னிக்கு மட்டுமில்ல, இனிமேலும் முடியாது. அத அப்பாவாண்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீதான் சொல்லணும்."